உள்மூடியில் இரண்டு சொல்

என் கடைக்கு மேல்மாடியில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கிற பெண்ணுக்குத் தெரு வைத்த பெயர் பொறுங்கக்கா. யார் போய் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது "பொறுங்க" என்பதுதான். என்னைவிட ஏழு வயது இளையவர். ஆனாலும் நானும் அக்கா என்றே சொல்கிறேன். அது பெயரோடு ஒட்டிப்போய்விட்டது, பிரித்தால் கிழியும்.

நான் கீழே மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கருகின மோட்டாரைப் பிரித்து, பழைய செப்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது தொழில். ஆறாம் வகுப்போடு படிப்புக்கும் எனக்கும் உறவு முடிந்தது. முப்பது வருஷமாகச் சூட்டோடு குடித்தனம் நடத்துகிறவன் என்பதால், மாடியில் நடப்பது பொம்மை வேலை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அவர் அறையைச் சொல்ல வேண்டும். மேற்குப் பார்த்த அறை, மேலே தகரம். மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கட்டிடத்துச் சொந்தக்காரர் கிழக்குப் பக்கத்தில் காற்று வருகிற அறை ஒன்றைத் தருவதாகச் சொன்னபோது, இந்த வெயில்தான் தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். வெயிலைக் கேட்டு வாங்கின ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வெயில் எதற்கு என்றால், சோதனைக்கு. ஒரு புது மெஷினைப் பூட்டி முடித்தால் அவர் அதை உடனே கொடுக்க மாட்டார். ஜன்னலைச் சாத்துவார், மேலே தொங்குகிற ஃபேனை நிறுத்துவார், மெஷினுக்கு எவ்வளவு வேலை கொடுக்க முடியுமோ அவ்வளவையும் கொடுத்துவிட்டு ஒரு முழு நாள், இருபத்துநாலு மணி நேரம், ஓட விடுவார். அதற்கும் முன்னால் அந்த மெஷின் குடியிருக்கப்போகிற வீட்டுக்கே போவார். எந்த மேசை, எந்தச் சுவர், வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, ஒரு தெர்மாமீட்டரை ஆணியில் மாட்டி ஒரு மத்தியானம் விட்டுவைப்பார். அந்த அறை எவ்வளவு கொதிக்கிறதோ, அதற்கு மேல் இரண்டு மூன்று டிகிரி தன் அறையைக் கொதிக்க விட்டுச் சோதிப்பார்.

அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். மதியச் சாப்பாடு கொண்டுவருகிற நாளில் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார். கல்யாணப் பேச்சு எடுத்த புதிதில் தன்னையும் ஒரு நாள் முழுக்க பஸ் நிறுத்தத்தில் நிற்கவைத்தார் என்பது அவர் புகார். "காலையில வர்றேன்னு சொன்னா, சாயங்காலம் வந்தா. கோபப்படலையான்னு கேட்டா. இல்லன்னேன். சரி, தேறிட்டீங்கன்னா." இது நடந்ததா, அவர் கட்டிவிட்டதா தெரியாது. அக்காவிடம் கேட்டால் சிரிப்பாரே தவிர மறுக்க மாட்டார்.

சோதனை முடிந்து ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தால், பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, உள்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் இரண்டு சொல் எழுதுவார். "பொய் சொல்லாது." கீழே தேதி, அறைச் சூடு எத்தனை டிகிரி என்பது. பிறகு மூடியைத் திருகிவிடுவார். வாங்கிப்போகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது.

பதினாறு வருஷத்துக்கு முன் அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார். பூட்டுவார், விளக்கு எரிகிறதா பார்ப்பார், கொடுத்துவிடுவார். நிலம் அளக்கிறவர் ஒருவருக்கு அப்படி ஒன்று கொடுத்தார். எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஒரு கோடை மத்தியானம் ஒரு வரைபடத்தில் ஒரே ஒரு எண் மாறிப்போயிற்று. மெஷின் நிற்கவில்லை, கத்தவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண்ணை நம்பி ஓர் அண்ணன் தம்பிக்கு நடுவில் சுவர் எழும்பியது, அண்ணன் பக்கம் ஒன்றரை அடி குறைந்து. அளந்தவனை நீ கையில் போட்டுக்கொண்டாய் என்று அண்ணன் சொல்ல, தம்பி அதற்கு மேல் சொல்ல, பேச்சு முறிந்தது. பிறகு தப்பு எங்கே என்று தெரிந்ததும் அக்கா இரண்டு வீட்டுக்கும் நடந்துபோய், இது உங்கள் யார் தப்பும் இல்லை, என் மெஷின் தப்பு என்று சொன்னார். சுவரை இடித்து நகர்த்திவிட்டார்கள். பேச்சை நகர்த்த முடியவில்லை.

இதை என்னிடம் சொன்ன அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நின்னு போற மெஷின் நல்ல மெஷின், அண்ணே. நிக்காம தப்பா எண்ணுது பாருங்க, அதுதான் பயம்."

எனக்கு அது சட்டென்று உறைத்தது. மோட்டார் கெட்டால் முதலில் மூக்குக்குத் தெரியும், பிறகு காதுக்கு, கடைசியில்தான் கண்ணுக்கு. வாசம் இல்லாமல், சத்தம் இல்லாமல் கெட்டுப்போகிற சாமான் ஒன்று உலகத்தில் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்போதும் அது என் வீட்டுக் கதை ஆகும் என்று நினைக்கவில்லை.

என் மகள் மேல்படிப்புப் படிக்கிறாள். ஊருக்கு நடுவில் ஓடுகிற ஆறு கரை உடைத்தால் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போடுவது அவள் ஆராய்ச்சி. தெருவைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நொடியும் தண்ணீர் எங்கே போகும் என்று கம்ப்யூட்டர் பார்க்குமாம். அவளிடம் இருந்த பழைய மடிக்கணினி பாதிக் கணக்கில் செத்துப்போனது. புது மெஷின் பூட்டித் தரச் சொல்லி அக்காவிடம் போனோம். அவர் வேலை தொடங்குகிற நாளை ஒன்று என்று வைத்தால், பதினாலாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் ஆராய்ச்சியை ஒப்படைக்க வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போச்சு. புது மெஷினில் கணக்கு ஓட ஒன்பது நாள், அதை எழுதிமுடிக்க இரண்டு நாள் என்றாள். விரலில் எண்ணினால் மூன்று நாள்தான் மிச்சம்.

அக்கா முதல் நாள் காலையிலேயே மெஷினைப் பூட்டிவிட்டு, மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். மகளின் அறை ஒரு பீரோவை விடக் கொஞ்சம் பெரிது. இருக்கிற ஒரு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அக்கா சுவரைத் தொட்டுப் பார்த்தார், மேசையை ஒரு ஜாண் நகர்த்தினார், தெர்மாமீட்டரை மாட்டினார். சோதனை போட வந்த அதிகாரி போல நடக்கிறாரே என்று என் மனைவி என் காதில் கேட்டாள். முப்பத்தெட்டு டிகிரி என்று வந்தது. அப்படியானால் என் அறையில் நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குச் சோதனை தொடங்கியது. நானும் போய் நின்றேன். பக்கத்து மூடி திறந்திருந்தது. உள்ளே பச்சைப் பலகை, நடுவில் தீப்பெட்டி அளவு கூட இல்லாத ஒரு சில்லு, அதன் மேல் அலுமினியத் தகடுகள், ஒரு சின்ன ஃபேன். அவர் ஏதோ தட்டினார். ஃபேன் சீறியது. இரண்டு நிமிஷத்தில் பின்பக்கத்திலிருந்து அடுப்பு வாய்க் காற்று போல வந்தது. நான் கையை வைத்தேன், எடுத்தேன். மோட்டார் சுற்றுகிறது, சூடாகிறது, அது எனக்குத் தெரியும். டிரான்ஸ்பார்மர் அசையாமல் சூடாகும், ஆனால் அதுவும் முனகிக்கொண்டு இருக்கும். இங்கே அந்தச் சில்லில் அசைவதும் இல்லை, முனகுவதும் இல்லை. வெறும் எண் ஓடுகிறது. எண் ஓடி ஒரு பொருள் கொதிக்கும் என்பதை நான் கை வைத்துப் பார்த்தேன்.

என்ன கணக்குப் போடுகிறது என்று கேட்டேன். விடை முன்பே தெரிந்த கணக்கு என்றார். பக்கம் பக்கமாக நீளுகிற எண்களைப் பெருக்கச் சொல்வது, வந்த விடையைத் தெரிந்த விடையோடு ஒத்துப்பார்ப்பது, மறுபடி பெருக்கச் சொல்வது. ஒரு நொடியில் எத்தனை என்று கேட்டதற்கு ஒரு எண்ணைச் சொன்னார். எனக்கு அது பிடிபடவில்லை. நம் தெருவில் இருக்கிற எல்லோரும் பிறந்தது முதல் சாகும்வரை பெருக்கிக்கொண்டே இருந்தாலும் இது ஒரு நொடியில் போடுவதைப் போட முடியாது என்று விளக்கினார். அதில் ஒன்று தப்பினாலும் திரையில் சிவப்பாக ஒரு வரி விழும். ஒன்று விழுந்தாலும் அவருக்கு அது தோற்ற மெஷின்.

பத்து மணிக்கு அவர் வேறொரு வீட்டில் தெர்மாமீட்டர் மாட்டக் கிளம்பினார். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, "பொக வந்தா மட்டும் திறங்க, அண்ணே. வேற எதுக்கும் திறக்காதீங்க" என்றார்.

இரண்டு மணிக்குப் படியேறினேன். சாவித் துவாரத்தில் மூக்கை வைத்தேன். புகை இல்லை. இறங்கியிருக்க வேண்டும். ஆனால் கதவைத் தொட்டால் கதவே சுட்டது. திறந்தேன். உள்ளே நிற்க முடியவில்லை. திரையில் சில்லின் சூடு எண்பத்தெட்டு என்று காட்டியது. என் மகளின் ஒரு வருஷம் அந்தப் பெட்டிக்குள் வெந்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் கொதிக்கிற மோட்டாரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பவனை ஆள் என்று சொல்ல மாட்டார்கள். கீழே போய், வார்னிஷ் காயவைக்கிற என் பெரிய நிற்கும் காத்தாடியைத் தூக்கிவந்து மெஷினின் முகத்துக்கு நேரே வைத்து, ஜன்னலையும் திறந்துவிட்டேன். எண்பத்தெட்டு எண்பது ஆயிற்று, எழுபத்தொன்று ஆயிற்று. பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு இறங்கினேன்.

நாலே காலுக்கு, அக்கா வருகிற நேரம் என்று தெரிந்து, மேலே போய் ஜன்னலைச் சாத்தி, காத்தாடியைத் திருட்டுப் பொருள் போலத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். சொன்னதை மீறினேன் என்று ஒரு பேச்சு வாங்க வேண்டாமே என்றுதான். வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி. ஒரு சிவப்பு வரியும் இல்லை. பெட்டியைச் சுற்றி எடுத்துப்போக மகள் ஒரு போர்வையோடு வந்து நின்றாள். அக்கா மூடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து, மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்து எடுத்தார். "பொய்" என்று எழுதியாயிற்று. அடுத்த சொல்லுக்குக் கை போனது.

அந்த ஒரு சொல்லிலேயே என் கண் நின்றது. பொய் சொன்னது மெஷின் இல்லை. நான்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். அவரிடம் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. காத்தாடி வைத்ததை, ஜன்னல் திறந்ததை, மணியோடு சொன்னேன். மகள் போர்வையை மார்போடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அக்கா திட்டவில்லை. திரையில் ஒரு கோட்டுப் படத்தைத் திறந்தார். சில்லின் சூடு நிமிஷத்துக்கு நிமிஷம் அதில் பதிவாகியிருந்தது. காலையிலிருந்து ஏறிக்கொண்டே வந்த கோடு இரண்டு மணி ஏழு நிமிஷத்தில் தடாலென்று ஒரு பள்ளத்தில் இறங்கி, நாலே காலுக்கு மறுபடி ஏறியது. என் காத்தாடி அங்கே படுத்திருந்தது. எனக்குக் கூச்சத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது. நான் வந்ததையும் போனதையும் அது எழுதிவைத்திருக்கிறது.

"நீங்க சொல்லலைன்னா கரண்ட் கொறைஞ்சிருக்கும்னு நெனச்சிருப்பேன்" என்றார். பிறகு, "இல்ல, பாத்திருக்கவே மாட்டேன். தப்பு இல்லன்ன உடனே மார்க்கரை எடுத்துட்டேன்" என்றார்.

மீதி இருபத்திரண்டு மணி நேரம் ஒழுங்காகத்தானே ஓடியது, அது போதாதா என்று நான் கேட்டேன். எடுத்துப்போவதானால் போங்கள், ஆனால் மூடியில் எழுத மாட்டேன் என்றார். இன்னொரு நாள் சோதித்தால் என் மகளுக்கு எழுத இரண்டு நாள் இருக்காது. நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். ஒரு தடவை எண்ணி, திருப்பி எண்ணினாள். "ஒரு எண் மாறினா, தண்ணி வராத தெருவுல இருக்கறவங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டு, வர்ற தெருவுல தூங்குங்கன்னு சொல்லிடுவேன், அப்பா" என்றாள். அக்காவிடம் திரும்பி, "மூடியில எழுதின பெறகு எடுத்துக்கறேன்" என்றாள். போர்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள்.

எட்டு மணிக்கு மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை அக்கா எங்கும் போகவில்லை. கதவில் பதித்திருந்த கண்ணாடித் துண்டு வழியாகத் திரை தெரிகிற மாதிரி திருப்பிவைத்து, வெளியே படிக்கட்டில் மூவரும் உட்கார்ந்தோம். எனக்குக் கீழே இரண்டு மோட்டார் காத்துக்கிடந்தது. போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு வெயில் தகரத்தைப் பிடித்தது. ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்த பஸ்காரர், மூன்று பேரையும் வரிசையாகப் படியில் பார்த்துவிட்டு, நீங்களும் தேறிவிட்டீர்களா என்று கேட்டார். அக்கா கண்ணாடி வழியாகத் திரையைக் காட்டினார். அவரும் ஒரு படியில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு நாற்பதுக்குச் சிவப்பாக ஒரு வரி விழுந்தது.

சத்தமே இல்லை. ஃபேன் அதே சீற்றம். மெஷின் தன் பாட்டுக்கு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. காலையிலிருந்து கோடியைக் கோடியால் பெருக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு கணக்கு, அதில் ஒரே ஒன்று தப்பு. பார்க்க ஆள் இல்லாவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மெமரியாக இருக்கும் என்றார் அக்கா. உள்ளங்கை நீளத்தில் இரண்டு தகடு நின்றுகொண்டிருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் அதே வெயிலில் ஓட்டினார், சுத்தமாக ஓடியது. மாற்றிப் போட்டார். இருபதே நிமிஷத்தில் சிவப்பு. குளிர்ந்தால் யோக்கியன், நாற்பது டிகிரி தாண்டினால் புரட்டன். என் காத்தாடி முந்தின நாள் அவனைத்தான் யோக்கியனாக நடிக்கவைத்திருக்கிறது. தகட்டை என் கையில் கொடுத்தார். வாசம் பார்த்தேன், பழக்கம். ஒரு வாசமும் இல்லை.

வேறு தகடு வாங்கிப் போட்டு, அன்று மாலை ஆறு மணிக்கு மூன்றாம் தடவை. மறுநாள் மத்தியானம் நாற்பத்தொரு டிகிரி ஏறியது, நின்றது, இறங்கியது. மாலை ஆறு மணிக்குத் திரையில் ஒரு சிவப்பும் இல்லை. கோட்டில் பள்ளமும் இல்லை, அதை முதலில் பார்த்தார். பிறகு மூடியைக் கவிழ்த்தார். "பொய்" என்பது ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் "சொல்லாது" என்று எழுதினார். தேதி, நாற்பத்தொரு டிகிரி. கொஞ்சம் யோசித்துக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "அண்ணன் காத்தாடி இல்லாமல்." மகள் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் மெஷின் எங்கள் வீட்டில் கணக்கைத் தொடங்கியது. கரண்ட் போனால் தாங்க என் கடையிலிருந்து இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரியும் கொண்டுவந்து வைத்தேன், அது ஒன்றாவது என்னால் ஆனது. ஒன்பது நாளும் அந்த அறை வாசலைத் தாண்டும்போது என் மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், காற்றுப் பட்டால் எண் மாறிவிடும் என்பது போல. மகள் எண்களுக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தாள். நான் மத்தியானம் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவேன். வெக்கைக் காற்று முகத்தில் அடிக்கும். உள்ளே நம் ஊர் ஆறு கரை உடைத்து, தெருத் தெருவாக, நொடி நொடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

பதிமூன்றாம் நாள் அந்தி நேரத்தில் கணக்கு முடிந்தது. சந்தேகத்துக்கு ஒரு துண்டை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள், கடைசி இலக்கம் வரை அதே எண். இடம் விட்ட இடங்களையெல்லாம் நிரப்பி, பதினாலாம் நாள் மாலை நாலு பத்துக்கு ஒப்படைத்துவிட்டுப் போன் செய்தாள். வாங்கிக்கொண்டார்களாம். போனை என் மனைவி வாங்கிப் பேசினாள், நான் மோட்டாரைப் பிரிப்பது போல ஏதோ செய்துகொண்டிருந்தேன்.

அந்த வாரமே அவள் படத்தை என் கடையில் விரித்துக் காட்டினாள். எங்கள் தெரு நீலமாக இருந்தது. என் கடையில் மூன்றேகால் அடி என்றாள். முப்பது வருஷத்தில் இந்தத் தெருவில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் மறுநாள் செப்புக் கம்பிச் சுருளெல்லாம் இருந்த தட்டைக் கழற்றி, நாலடிக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். எதிர்க்கடை ஆசாரி, ஆறே வறண்டு கிடக்கும்போது இது என்ன கூத்து என்று கேட்டார். பொறுங்க என்றேன்.

சத்தம் கேட்டு அக்கா இறங்கிவந்தார். தட்டைப் பார்த்தார், கேட்காமலே புரிந்துகொண்டார். என் அளவுகோலை எடுத்துத் தரையிலிருந்து தட்டு வரை தானே ஒரு தடவை அளந்தார். பிறகு தட்டின் இரண்டு முனையையும் பிடித்து, தன் முழு கனத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார்.

"சுருளெல்லாம் இன்னைக்கே ஏத்திடுங்க, அண்ணே" என்றார். "ஒரு நாள் முழுக்க இருக்கட்டும். ஆணி தாங்குதான்னு நாளைக்கு வந்து பாக்கறேன்."